வாசம் இல்லாத மருந்து

ஏரிக்கரை ஊர் ஒன்றிலிருந்து, காய்ச்சலும் ரத்த வாந்தியுமாகக் கிடந்த பள்ளி ஆசிரியரைத் தூக்கிக்கொண்டு வந்த சின்ன விமானம், ம்பண்டாக்கா நகரத்து ஓடுதளத்தின் கடைக்கோடியில், சீக்குக் கோழியைத் தனியே கூடை போட்டுக் கவிழ்த்தது போல நின்றது. எபோலா என்ற கொள்ளைநோயாக இருக்கலாம் என்று ஆசிரியரை ஆம்புலன்ஸ் கொண்டுபோய்விட்டது. விமானத்தைக் கிருமி போகத் துடைத்துக் கொடுப்பது பொலும்புவின் வேலை. அந்த வேலைக்கு அவள் புதியவள் இல்லை, அதில் அவளைக் குறை சொன்னவரும் இல்லை. ஆனால் இன்று அவளுக்கு அவசரம். சுத்தமானதும் அந்த விமானம் மறுபடி பறந்துபோய் ஏற்றிக்கொண்டு வர வேண்டியது அவள் பெற்ற மகளை.

மகள் எக்கிலா லோலிங்கோவில் இருந்தாள். காட்டுக்குள், ஆறு கிளை கிளையாகப் பிரிகிற இடத்தில் இருக்கும் ஊர். அங்கே கட்டிக் கொடுத்து இரண்டு மழைக்காலம் ஆகியிருந்தது. முந்தின நாளிலிருந்து வலி. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, ஒரு கை மட்டும் வெளியே வந்திருக்கிறது என்று அங்கிருக்கும் நர்ஸ் வயர்லெஸ்ஸில் சொல்லியிருந்தாள். வயிற்றைத் திறந்து எடுக்க அங்கே மருத்துவர் கிடையாது, ஏற்ற ரத்தமும் கிடையாது. துடுப்புப் படகில் ம்பண்டாக்கா வந்து சேர நாள்கணக்கில் ஆகும். விமானத்தில் என்றால் ஒரு சட்டிக் கீரை வெந்து இறங்குகிற நேரம்.

விமானத்தை ஓட்டுகிற லுசோலோ தலைநகரான கின்ஷாசாவைச் சேர்ந்தவன். வாய் கொஞ்சம் நீளம், மனசு அதைவிட நீளம். வயர்லெஸ்ஸைக் கீழே வைத்துவிட்டு அவன் பொலும்புவிடம், "நீ வண்டியைத் துடைச்சுக் குடும்மா. உன் பொண்ணைத் தூக்கிட்டு வர்றது என் பொறுப்பு" என்று சொல்லியிருந்தான். ஒரே ஒரு சிக்கல். லோலிங்கோவில் இருப்பது காட்டை வெட்டிச் சமன் செய்த புல்தரை. விளக்கு கிடையாது. பொழுது சாய்ந்துவிட்டால் அங்கே தேவதூதன்கூட இறங்க மாட்டான்.

கிருமி தொற்றாமல் காக்கிற உடுப்பை மாட்டும்போதும் கழற்றும்போதும் கூட ஓர் ஆள் நிற்க வேண்டும் என்பது விதி. பொலும்புவுக்குக் கூட நிற்கிறவன் இயேலி. சிரிக்காமல் அவனால் ஒரு வேலையும் செய்ய முடியாது.

"கையை நீட்டுக்கா. இப்படி ஆடுனா டேப் எங்க ஒட்டறது, உன் மூக்குலயா?"

"சீக்கிரம்டா இயேலி. வெயிலைப் பாரு."

"வெயில் எங்கயும் போகாது. உன் மக வர்ற வரைக்கும் நிக்கற கழுதை அது. பொறு, கண்ணாடியை இறுக்கணும்."

முழு உடுப்பையும் மாட்டிவிட்டால் உள்ளே இருப்பது ஆணா பெண்ணா என்றே தெரியாது. அதனால் முதுகில் தடித்த பேனாவால் பேர் எழுதுவார்கள். இயேலி எழுதிவிட்டுத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டான்.

"என்னடா எழுதுனே?"

"பாட்டின்னு எழுதியிருக்கேன். ராத்திரிக்குள்ள ஆயிடுவே, இப்பவே பழகிக்க."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனாலும் முகமூடிக்குள் சிரித்த மாதிரி ஒரு சத்தம் கொடுத்தாள். அவனும் பாவம், அவள் பயத்தைக் குறைக்கத்தான் படாத பாடு படுகிறான்.

வேலைக்கு இரண்டு வகைத் தண்ணீர் உண்டு. விமானத்துக்குள் கொண்டுபோவது குப்பியில் வருகிற மருந்து. பச்சைத் தண்ணீர் மாதிரி இருக்கும், ஒரு வாசமும் வராது. துணியை நனைத்துத் துடைத்து, ஈரம் காயாமல் கொஞ்ச நேரம் விட்டு, மறுபடி துடைக்க வேண்டும். வெளியே ஏணியடியில் இருப்பது பிளீச்சிங் பவுடர் கரைத்த வாளி. பூட்ஸையும் கையுறையையும் அதில் முக்கி எடுக்க வேண்டும். வெளியே இருப்பது உள்ளே போகக் கூடாது. இது அந்த வேலையின் முதல் பாடம்.

பாடம் சொன்னவர் மெக்கானிக் இலோங்கா. உள்ளூர்க்காரர், ஆற்றில் மோட்டார் படகு பழுதுபார்த்துக்கொண்டிருந்து பிறகு தலைநகரம் போய்ப் படித்து வந்தவர். இவர்கள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் அலுமினியத் துண்டைப் பிளீச்சிங் தண்ணீரில் ஊறப்போட்டு, பிறகு எடுத்துக் காட்டினார். பூசணம் பிடித்த மரவள்ளிக் கிழங்கு மாதிரி வெள்ளை வெள்ளையாக உதிர்ந்தது. "இதுதாம்மா பிளேனோட எலும்பு. அடியில ஒயர் ஓடுது, கம்பி ஓடுது. உள்ள ஒரு சொட்டு சிந்துனாலும் என்கிட்ட வந்து சொல்லிடணும். மறைச்சீங்கன்னா மேல போனவன் கீழ வரமாட்டான்" என்றார். பொலும்பு அதை மறந்தவள் இல்லை. தெரியாத்தனமாகச் செய்துவிட்டாள் என்று யாரும் அவளுக்காக வாதாட வர வேண்டாம். தெரிந்துதான் செய்தாள்.

எங்கள் ஊரில் சுத்தம் என்றால் அது ஒரு வாசம். எபோலா ஊருக்குள் நுழைந்த வருஷத்திலிருந்து அப்படித்தான். சந்தை வாசலில் வாளி, தேவாலய வாசலில் வாளி, பீர்க்கடை வாசலில்கூட வாளி. விளையாடிவிட்டு வருகிற பிள்ளையின் உள்ளங்கையைத் தாய் மோந்து பார்ப்பாள். வாசம் இருந்தால் சாப்பாடு, இல்லாவிட்டால் முதுகில் ஒன்று. பெண் கேட்டு வந்தவனின் கையில் பிளீச்சிங் வாசம் வரவில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பிய வீடும் இருக்கிறது. படித்தவர்கள் இதைக் கேலி செய்வார்கள். கேலி செய்துவிட்டு வீட்டுக்குப் போய் அவர்களும் மோந்து பார்ப்பார்கள்.

பொலும்புவுக்கு இதில் தன் வயிறு எரிந்த கதை ஒன்று உண்டு. எக்கிலாவுக்கு அடுத்துப் பிறந்தவன் லோக்வா. அந்த வருஷம், நோயாளிகள் படுத்த மெத்தைகளைச் சுத்தம் செய்து வீடு வீடாகத் திருப்பிக் கொடுத்தார்கள். இவர்கள் வீட்டுக்கு வந்ததைப் பொலும்பு மோந்து பார்த்தாள். "இதுல வாசமே இல்லையே" என்றாள். கொண்டுவந்தவன் சிரித்தான். "இது புது மருந்தும்மா. வெளிநாட்டுச் சரக்கு. வாசம் வராது" என்றான். அவ்வளவு படித்தவன் சொல்கிறான் என்று அவள் வாயை மூடிக்கொண்டாள். லோக்வா அந்த மெத்தையில் படுத்தான். ஓடியாடிய பிள்ளை அப்புறம் எழுந்திருக்கவில்லை. மெத்தையால் வந்திருக்காது, பள்ளிக்கூடத்தில் தொற்றியிருக்கும் என்று பின்னால் மருத்துவர்கள் சொன்னார்கள். சொன்னால்? பெற்றவள் மூக்கு அன்றைக்கே சொன்னதை அவள் கேட்கவில்லை. அந்த ஒன்று மட்டும்தான் அவளுக்கு மிஞ்சியது.

அவள் ஏணியில் ஏறி உள்ளே போனாள். இருக்கைகளைப் பாதி கழற்றி ஓரம் தள்ளியிருந்தார்கள். ஆசிரியர் படுத்துவந்த ஸ்ட்ரெச்சர் போய்விட்டது. அது கிடந்த இடத்தில் தரையில் நீளமாய் ஒரு கறை. முதலில் உறிஞ்சு துணியைப் போட்டு மூடினாள். கறை ஊறியதும் சுருட்டிப் பைக்குள் போட்டுக் கட்டினாள். பக்கத்து இருக்கைகளின் உறைகளை உருவினாள். ஜன்னல், கைப்பிடி, கதவின் உள்பக்கம், கூரை, எல்லாம் மேலிருந்து கீழாக. கை தன்னால் வேலை செய்தது. கண்ணாடிக்குள் வியர்வை இறங்கிக் கண்ணைக் கரித்தது. வாசலில் நின்ற இயேலியிடம் பைகளைக் கொடுத்து, எரிக்கிற சூளைக்குக் கொண்டுபோகச் சொன்னாள்.

"நான் வர்ற வரைக்கும் கீழ இறங்காதேக்கா. தனியா உடுப்பைக் கழட்டிடாதே."

"போய்ட்டு வாடா. நான் எங்க போறேன்?"

மருந்து ஊறுகிற நேரம் அவள் மண்டியிட்டபடியே காத்திருந்தாள். அப்போதுதான் அதைப் பார்த்தாள். ஸ்ட்ரெச்சரைப் பூட்டுவதற்காகத் தரையோடு பதித்த தண்டவாளம் ஒன்று உண்டு. அதில் வரிசையாக ஓட்டைகள். ஆசிரியர் கக்கியது அந்தப் பள்ளத்துக்குள் வழிந்து, ஓட்டைகளின் விளிம்பில் காய்ந்து கறுத்திருந்தது. துணியைச் சுருட்டி ஓட்டைக்குள் விட்டாள். விரல் நுனி அளவுக்குத்தான் போனது. மருந்தை ஊற்றித் துடைத்தாள். கறுப்பு போய்விட்டது. போய்விட்டதா? குனிந்து முகமூடியோடு முகத்தைத் தரைமேல் வைத்தாள். முகமூடிக்குள் எந்த வாசமும் வராது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் மோந்தாள். ஒன்றும் இல்லை. தரை தரையாக இருந்தது.

இந்த இடத்தில்தான் எக்கிலாவைக் கிடத்துவார்கள். வலியில் கிடக்கிறவள், உடம்பெல்லாம் திறந்து கிடக்கிறவள், ரத்தம் போய்க்கொண்டிருக்கிறவள். கை தொங்கும். அந்தக் கை இந்தப் பள்ளத்தில் படும். பிள்ளை பிழைத்து வெளியே வந்தால் அதற்கும் முதல் காற்று இங்கேதான். ஒரு பிள்ளையை வாசம் இல்லாத மருந்துக்குக் கொடுத்தாயிற்று. இன்னொன்றையும் கொடுப்பதா?

அவள் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள். இயேலி சூளைப் பக்கம் போய்விட்டான். இலோங்கா கொட்டகையில் குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தார். அவள் இரண்டு படி இறங்கி, கையை நீட்டி, ஏணியடியில் இருந்த வாளியைத் தூக்கிக்கொண்டாள்.

முதலில் துணியில் நனைத்துத்தான் துடைத்தாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பயம் ஒரு தடவை கையைப் பிடித்தால் அதற்கு மட்டு மரியாதை ஏது? துணி எட்டாத இடம்தானே பிரச்சினை என்று தோன்றியது. வாளியைச் சாய்த்து, ஒரு பக்கத் தண்டவாளத்தின் நெடுக ஊற்றினாள். பிறகு மறுபக்கம். தண்ணீர் ஓட்டைகளில் குடுகுடுவென்று இறங்கிக் காணாமல் போனது. அந்தச் சத்தம் அவளுக்கு ஆறுதலாக இருந்தது. மேலே நின்றதைத் துடைத்து எடுத்தாள். பிளீச்சிங்தான் விமானத்தின் எலும்பைத் தின்னும் என்பதும் நினைவில் இருந்தது. ஒரு நாளில் தின்றுவிடாது, மகள் வந்து இறங்கட்டும், நாளைக்கே இலோங்கா காலில் விழுந்து சொல்லிவிடலாம் என்று கணக்குப் போட்டாள்.

இயேலி திரும்பி வந்தபோது வாளி ஏணியடியில் இருந்தது. அடியில் ஒரு கை அளவுத் தண்ணீர்.

"என்னக்கா, வாளி காலி?"

"கால் பட்டுக் கவுந்துடுச்சு."

அவன் தரையைப் பார்த்தான். புழுதி காய்ந்து கிடந்தது. அவளைப் பார்த்தான். போய்ப் புதிதாக ஒரு வாளி கரைத்துக்கொண்டு வந்து, உடுப்பை ஒவ்வொன்றாகத் தெளித்துக் கழற்ற வைத்தான். அன்று முதல் தடவையாக அவன் வேடிக்கை பேசாமல் ஒரு வேலையைச் செய்தான்.

கதவுகளைத் திறந்து போட்டுக் காற்றோட விட்டார்கள். லுசோலோ எண்ணெய் நிரப்பி முடித்து, ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தான். புது ஸ்ட்ரெச்சரை அவனே தோளில் தூக்கி வந்திருந்தான்.

"சரிம்மா, பேரனுக்கு லுசோலோன்னு பேர் வைக்கணும். இப்பவே சொல்லிட்டேன். பொண்ணு பொறந்தாலும் அதே பேருதான்."

ஒரு காலை உள்ளே வைத்தான். பாட்டு நின்றது. வைத்த காலை எடுத்துக்கொண்டான்.

"இலோங்கா அண்ணே! இங்க வாங்க. சீக்கிரம் வாங்க!"

இலோங்கா வந்தார். அவருக்கு உள்ளே போகவே தேவை இருக்கவில்லை. வாசலிலேயே மூக்கைச் சுளித்தார்.

"யாரு ஊத்துனது?"

"நான்தான்" என்றாள் பொலும்பு. பொய் சொல்ல அவளுக்கு நேரம் இல்லை.

"எவ்வளவு?"

அவள் வாளியைப் பார்த்தாள்.

"முழு வாளியுமா? எங்க?"

"அந்த ஓட்டையில. அதுக்குள்ள ரத்தம் போயிருந்துச்சு அண்ணே. துணி எட்டலை. அவளை அதும்மேலதானே படுக்க வைப்பீங்க?"

இலோங்கா கத்தவில்லை. கத்தியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். "உன்னைக் காட்டித்தானேம்மா மத்தவங்களுக்குச் சொல்வேன், பொலும்பு மாதிரி வேலை செய்யுங்கன்னு" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திருப்புளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

தரைப் பலகை ஒன்றைத் திறந்தார். கீழே, கட்டுக் கட்டாக ஓடிய ஒயர்களின் இணைப்புகளில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. லுசோலோ முன்னால் போய் உட்கார்ந்து மின்சாரத்தைப் போட்டுப் பார்த்தான். கோளாறு இருந்தால் தானே வெட்டிக்கொள்கிற சுவிட்ச் ஒன்று பட்டென்று வெளியே குதித்தது. அழுத்தினான். மறுபடி குதித்தது. மறுபடி அழுத்தினான்.

"வாலுக்குப் போற லைன். வாலை ஏத்தி இறக்கற மோட்டார் நிக்குது" என்றான்.

"அப்படியே போங்க தம்பி" என்றாள் பொலும்பு. ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஒரே ஒரு தடவை. போற வழியில காஞ்சிடும். வந்ததும் நான் கழுவறேன். நாக்கால வேணாலும் நக்கி எடுக்கறேன்."

"அம்மா, நல்லாக் கேளு. இதோட ஏறினா உன் பொண்ணுகிட்டப் போய்ச் சேரமாட்டேன். சேர்ந்தாலும் அவளோட திரும்பி வரமாட்டேன். அவ அங்க தரையிலயாவது இருக்கா. என்கூட ஏறினா அதுவும் இல்ல."

"வேற பிளேன்?"

"நாளன்னிக்குத்தான் கின்ஷாசாவுலேர்ந்து வருது. கேட்டாச்சு."

பிறகு அவர்கள் மூவரும் செய்யாதது ஒன்றும் இல்லை. பலகைகளை எல்லாம் கழற்றினார்கள். நல்ல தண்ணீர் விட்டு அலசினார்கள், துணியால் ஒற்றினார்கள், ஊதினார்கள். இயேலி மோட்டார் சைக்கிளில் ஊருக்குள் பறந்து போய், முடி அலங்காரக் கடை ஒன்றில் சண்டை போட்டு, முடி காய வைக்கிற மெஷினைப் பிடுங்கிக்கொண்டு வந்தான். கடைக்காரி அவன் பின்னாலேயே திட்டிக்கொண்டு வந்தாள். விஷயம் தெரிந்ததும் திட்டுவதை நிறுத்திவிட்டு அவளே அதைப் பிடித்துக்கொண்டு ஒயர் ஒயராகக் காய வைத்தாள். பொலும்பு வெறுங்கையோடு நின்றாள். உதவிக்குக் குனிந்தபோது இலோங்கா அவள் கையை மெல்ல விலக்கினார். அதைவிட ஓர் அறை வலித்திருக்காது.

லுசோலோ அடிக்கடி வெளியே வந்து வானத்தைப் பார்த்தான். ஒவ்வொரு தடவையும் பொலும்பு அவன் முகத்தைப் பார்த்தாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் வெயில் சிவந்தபோது அவன் வானத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டான். சுவிட்ச் குதிப்பது மட்டும் நிற்கவே இல்லை.

அவன் வயர்லெஸ்ஸை எடுத்தபோது அவள் பக்கத்தில் போய் நின்றாள். "நான் சொல்றேன். என்னாலதான்னு நான் சொல்றேன்" என்றாள்.

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம்" என்றான் அவன். லோலிங்கோ நர்ஸிடம், "மின்கோளாறு. இன்னைக்கு வர முடியலை. விடிஞ்சதும் கிளம்பறோம்" என்றான்.

பெட்டிக்குள் இரைச்சல். பிறகு நர்ஸின் குரல். "விடிஞ்சதுமா?"

"ஆமா."

"நாங்க அவளைப் பிளேன் இறங்கற மைதானத்துலயே தூக்கிட்டு வந்து வச்சிருக்கோம். மதியத்துலேர்ந்து." மறுபடி இரைச்சல். "சரி. உள்ள கொண்டுபோறோம்."

பொலும்பு அன்றிரவு வீட்டுக்குப் போகவில்லை. இலோங்காவும் போகவில்லை. விடியும்போது சுவிட்ச் குதிக்காமல் நின்றது. அவர் பலகைகளை ஒவ்வொன்றாக மூட ஆரம்பித்தார். லுசோலோ தொப்பியைப் போட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்தான். கடைசிப் பலகையை முடுக்கிக்கொண்டிருந்தபோது லோலிங்கோ கூப்பிட்டது.

"வர வேண்டாம்" என்றாள் நர்ஸ்.

அவ்வளவுதான். அவள் மேற்கொண்டு சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை. பிள்ளையைப் பற்றிக்கூடக் கேட்கவில்லை.

நோய்க்காலம் ஆனதால் எந்தப் பிணத்தையும் ஊர் விட்டு ஊர் கொண்டுபோகக் கூடாது. எக்கிலாவையும் அவள் வயிற்றில் இருந்ததையும் லோலிங்கோவிலேயே புதைத்தார்கள். தாய் முகம் பார்க்கவில்லை. சில நாள் கழித்து இயேலி பொலும்பு வீட்டுக்கு வந்தான். ஏரிக்கரை ஆசிரியருக்கு எபோலா இல்லையாம், வயிற்றுப் புண் வெடித்து ரத்தம் வந்திருக்கிறது, அவர் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறாராம். இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று வாசலிலேயே வெகுநேரம் நின்று, பிறகு சொல்லிவிட்டான். சொல்லாமல் இருந்திருக்கலாம். நல்ல செய்தி என்று நினைத்தானோ என்னவோ. பொலும்பு அவனை உள்ளே கூப்பிட்டு மீனும் கிழங்கு ரொட்டியும் வைத்தாள். அந்த விமானத்துக்குள் யாரையும் கொல்லக்கூடிய எதுவும் இருக்கவில்லை, அவள் ஊற்றியதைத் தவிர. அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை அவள் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு மருமகன் பொத்துலி வந்தான்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம். கட்டிக்கொடுத்த பெண் இறந்துபோனால், அவள் இடி விழுந்தே இறந்திருந்தாலும், பதில் சொல்ல வேண்டியவன் புருஷன். அவன் பெண் வீட்டுக்கு வந்து வாசலில் மண்ணில் உட்கார வேண்டும். பெற்றவள் எல்லோர் முன்னாலும் மூன்று தடவை கேட்பாள்: எங்கள் பிள்ளையை என்ன செய்தாய்? அவன் மூன்று தடவையும், என் கையில்தான் போனாள் என்று சொல்ல வேண்டும். பிறகு பெண் வீட்டார் வாய்க்கு வந்தபடி ஏசுவார்கள். அவன் கொண்டுவந்த ஆட்டை அறுத்து, கடைசியில் எல்லோரும் ஒரே சட்டியில் கைவிட்டுச் சாப்பிடுவார்கள். அதோடு குற்றம் தீர்ந்தது. புருஷனைத் தண்டிக்கிற மாதிரித் தோன்றும். யோசித்தால் அவனைக் காப்பாற்றுகிற ஏற்பாடுதான்.

பொலும்புவின் அண்ணன் இக்கோலோ வீட்டு வாசலில் கூடினார்கள். பொத்துலி தலையை மழித்து, இளைத்துப் போய், மண்ணில் உட்கார்ந்திருந்தான். ஆட்டைப் பக்கத்து முளையில் கட்டியிருந்தான். மருமகன் மாமியார் முகத்தை நிமிர்ந்து பார்ப்பது எங்களிடம் இல்லை. அவன் அவள் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கேளு தங்கச்சி" என்றார் இக்கோலோ.

பொலும்பு ஆட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பின்னால் இருந்த பெண்கள் விசும்ப ஆரம்பித்தார்கள். பெற்றவளின் துக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

"கேளும்மா. கேட்டாத்தான் அவனும் அழ முடியும்."

"எங்க பிள்ளையை என்ன செஞ்சே?" என்று கேட்டாள். வழக்கம் கேட்டது, அவள் வாய் கேட்டது.

"என் கையிலதான் போனா" என்றான் பொத்துலி. அதோடு நிறுத்த வேண்டியவன் நிறுத்தவில்லை. "அத்தை, நிஜமாவே என் தப்புதான். வழக்கத்துக்குச் சொல்லலை. அன்னைக்கு மதியம் வியாபாரி ஒருத்தரோட மோட்டார் படகு கிளம்புச்சு. மிஷன் ஆஸ்பத்திரி இருக்கற ஊர் வழியாத்தான் போகுது. ஏத்திக்கறேன்னு அவரே சொன்னாரு. நான்தான் வேணாம்னேன். பிளேன் வருது, எங்க அத்தை அங்கதான் வேலை செய்யறாங்க, அவங்க எப்படியும் அனுப்பிடுவாங்கன்னு சொன்னேன். படகு போறதை மைதானத்துல நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன். எக்கிலா கேட்டா, அம்மா அனுப்புவாங்கல்லன்னு. அனுப்புவாங்கன்னேன்."

இக்கோலோ, "போதும்டா" என்றார். "இரண்டாவது கேளு தங்கச்சி."

அவள் கேட்கவில்லை. கேட்டுவிடலாம், யாருக்கும் தெரியாது. லுசோலோ மின்கோளாறு என்றுதான் ஊருக்குச் சொல்லியிருந்தான். இலோங்கா வாய் திறக்கவில்லை. இயேலி செத்தாலும் சொல்ல மாட்டான். இன்னும் இரண்டு கேள்வி கேட்டால் போதும், ஆட்டுக்கறியோடு எல்லாம் முடிந்துவிடும். இந்தப் பிள்ளை ஆயுசு முழுக்க அந்தப் படகைப் பார்த்துக்கொண்டே இருப்பான்.

"பிளேன் நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள். "நான்தான் கெடுத்தேன். உள்ள ஊத்தக் கூடாதுன்னு தெரியும். பிளீச்சிங்கை ஊத்துனேன். அவளுக்கு எதுவும் தொத்திக்கக் கூடாதுன்னு ஊத்துனேன். பிளேன் நின்னுபோச்சு."

"துக்கத்துல பேசறா" என்றாள் ஒரு பெண். "பெத்தவ எல்லாரும் இப்படித்தான் தன்மேல போட்டுக்குவாங்க. தண்ணி கொடுங்க."

"துக்கத்துல பேசலை. இயேலியைக் கேளுங்க. இலோங்கா அண்ணனைக் கேளுங்க."

பொத்துலி தலையைத் தூக்கினான். மெதுவாக, அவள் பாதத்திலிருந்து மேலே மேலே வந்து, கட்டிக்கொண்ட நாளிலிருந்து முதல் தடவையாக மாமியாரின் முகத்தை நேருக்கு நேர் பார்த்தான். கோபம் இருந்ததா என்று பொலும்பு தேடினாள். இருந்திருந்தால் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும்.

"என் பொண்டாட்டியை என்ன செஞ்சே?" என்று கேட்டான்.

அத்தை என்றும் சொல்லவில்லை, மரியாதையும் கொடுக்கவில்லை. இக்கோலோ எழுந்து, "டேய்!" என்றார். பொலும்பு கையைக் காட்டி அண்ணனை உட்கார வைத்தாள். பிறகு அவளும் மண்ணில், அவனுக்கு எதிரே உட்கார்ந்தாள். அதற்கு என்ன பதில் என்று அவளுக்குத் தெரியும். அந்த வாசலில் தலைமுறை தலைமுறையாக ஆண்கள் சொல்லிவந்த பதில்.

"என் கையிலதான் போனா" என்றாள்.

அடுத்து என்ன செய்வது என்று அங்கே இருந்த பெரியவர்கள் ஒருவருக்கும் தெரியவில்லை. புருஷன் குற்றவாளி என்றால் ஏச்சு இருக்கிறது, ஆடு இருக்கிறது, ஒரே சட்டியில் சாப்பாடு இருக்கிறது, மன்னிப்பு இருக்கிறது. பெற்றவள் குற்றவாளி என்றால் எங்கள் வழக்கத்தில் ஒன்றுமே இல்லை. அவள் ஏச்சுக்காகக் காத்திருந்தாள். ஒருவரும் ஏசவில்லை. பொத்துலி எழுந்து, முளையில் கட்டியிருந்த ஆட்டை அவிழ்த்து, கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, படகுத்துறைப் பக்கம் நடந்து போனான்.